பிழைத்த பிறகு



மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்பது எனக்கு இட்ட நிபந்தனை. மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில், படிக்காதவர் கேட்கும் கேள்விதான் எங்களுக்கு இன்றும் கடினமான கேள்வி.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முதல் வாரம் கேட்கப்படுவது, “பிழைச்சிடுமா டாக்டர்?” என்பது. குழந்தை தேறி, பால் குடிக்கத் தொடங்கி, எடை ஏறி, டிஸ்சார்ஜ் நாள் நெருங்கும்போது பாட்டி தயங்கித் தயங்கி வேறொன்று கேட்பார்: “மத்த புள்ளைங்க மாதிரி வந்துடுமா சார்?” முதல் கேள்விக்கு நம் மாநிலம் ஓரளவு நல்ல பதில் சொல்லியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் 28, தமிழ்நாட்டில் 13. இரண்டாவது கேள்விக்கு அப்படி ஓர் எண் நம்மிடம் இல்லை. பிழைத்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்த பிறகு என்ன ஆனார்கள் என்று எண்ணுவதில்லை. இன்று என் பேச்சு முழுவதும் இந்தக் குறையைப் பற்றியதுதான்.

யாரை ஆபத்துள்ள குழந்தை என்கிறோம்? 37 வாரம் நிறையாமல் பிறந்தவை. அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறந்தவை. பிறந்ததும் அழாதவை. முதல் நாள்களில் வலிப்பு வந்தவை. ரத்தத்தில் கிருமி பரவியவை. மஞ்சள் காமாலை எல்லை மீறியவை. சர்க்கரை அளவு மிகவும் இறங்கியவை. 2020-இல் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்றும், அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற ஆய்வு சொல்கிறது. ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உண்மை நேர்மாறானது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம், மூளைக்கு அதைவிட லாபம்.

மூளைக்கு ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 24 வாரத்தில் பிறந்த குழந்தையின் மூளையைப் படம் எடுத்தால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். மடிப்புகள் அனேகமாக இல்லை. 40 வாரத்தில் அதே மூளை மேடும் பள்ளமுமாக, பெரியவர் மூளையின் சாயலுக்கு வந்துவிடும். 34 வாரத்தில்கூட அதன் எடை, நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். கருப்பையின் இருட்டில், தாயின் சூட்டில் நடக்க வேண்டிய வளர்ச்சியை, குறைமாதக் குழந்தை குழல்விளக்கின் கீழே, கருவிகளின் கூச்சலுக்கு நடுவே, ஊசி குத்தல்களுக்கு இடையில் நடத்தி முடிக்க வேண்டியிருக்கிறது.

மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அந்த அறைகளின் ஓரத்தில் இருக்கும் ஒரு பகுதியை நாற்றங்கால் என்று சொல்லலாம். அங்கே முளைக்கும் செல்கள்தான் பெயர்ந்துபோய் மற்ற இடங்களில் ஊன்றிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும், 34 வார வாக்கில், அந்த இடம் சுருங்கி மறைந்துவிடும். அதுவரை அங்குள்ள ரத்தநாளங்கள் மிக மெல்லியவை. ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் தாங்காது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மூளை ரத்தக்கசிவு பெரும்பாலும் இங்கேதான், முதல் மூன்று நாள்களுக்குள்தான் நேர்கிறது. 1978-இல் லூ-ஆன் பபீல் என்ற மருத்துவர் இதை நான்கு படிகளாக வகுத்தார். அந்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டு படிகளில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. நான்காவது படி, மூளைத் திசுவுக்குள்ளேயே ரத்தம் புகுந்த நிலை. அது வேறு கதை. உச்சிக்குழி மூடாமல் இருப்பதால், அதன் வழியாகவே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துவிடலாம். குழந்தையை எங்கும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

முதல் மூன்று நாள் குழந்தையைத் தொடுவதில் செவிலியர் ஏன் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறார் என்று உறவினர்கள் முணுமுணுப்பதுண்டு. திரவத்தை வேகமாக ஏற்றுவது, காலைத் தூக்கித் துணி மாற்றுவது, அடிக்கடி சளி உறிஞ்சுவது என எல்லாமே ரத்த அழுத்தத்தை அசைக்கும். அந்தக் கஞ்சத்தனம் ஒரு சிகிச்சை.

ரத்தக்கசிவு கண்ணுக்குத் தெரியும். அதைவிட அதிகம் பேரைத் தாக்குவது படத்தில் மங்கலாகவே தெரியும் வெள்ளைப் பகுதிச் சேதம். நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் 32 வாரம் வரை இளம் பருவத்தில் இருக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்தாலும், கிருமித்தொற்றால் அழற்சி பரவினாலும் முதலில் பாதிக்கப்படுவது அவைதான். 1962-இல் பெட்டி பாங்கர், ஜான்-க்ளோடி லரோஷ் இருவரும் இதை விரிவாக விவரித்தார்கள். மூளையிலிருந்து கால்களுக்கு இறங்கும் இழைகள் அந்த நீர் அறைகளுக்கு மிக அருகில் போகின்றன. கைகளுக்கானவை சற்றுத் தள்ளி, முகத்துக்கானவை இன்னும் தள்ளி. அதனால்தான் குறைமாதத்தில் பிறந்து மூளை முடக்குவாதம் வரும் குழந்தைகளில் பலருக்குக் கால்கள் மட்டும் விறைத்து, நிற்க வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக்கொள்ளும். கைகள் ஓரளவு நன்றாக இயங்கும். பேச்சும் வரும்.

நிறைமாதத்தில் பிறந்து அழாத குழந்தைக்கு நடப்பது வேறு. அப்போது ஆக்சிஜனை அதிகம் கேட்பது மூளையின் ஆழத்தில் உள்ள சாம்பல்நிறக் கருக்கள். திடீரென்று முழுமையாகத் தடைபட்டால் சேதம் அங்கே. முழு உடலும் விறைக்கலாம், விழுங்குவது சிரமமாகலாம். மஞ்சள் காமாலையின் நஞ்சும் அதே ஆழத்தில்தான் படிகிறது. அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடல் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும், காது மந்தமாகும், பேச்சு குழறும். ஆனால் பலருக்கு அறிவு முழுதாக இருக்கும். வாயால் சொல்ல முடியாததால் புத்தியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ. இத்தனைக்கும் இது முழுக்கத் தடுக்கக்கூடிய சேதம். 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் மஞ்சள் வெளிறியிருப்பதை முதலில் கவனித்தவர் ஒரு செவிலியர், சிஸ்டர் ஜீன் வார்டு. அதைப் பிடித்துக்கொண்டு அங்குள்ள மருத்துவர்கள் 1958-இல் ஒளி சிகிச்சையை வெளியிட்டார்கள். இன்று நம் ஊர் வார்டுகளில் எரியும் நீல விளக்குகளின் தொடக்கம் அந்தக் கண்தான்.

சர்க்கரை இறங்குவதும் அப்படியே. சர்க்கரைத் தாழ்வு பெரும்பாலும் மூளையின் பின்பகுதியை, பார்வைக்குரிய இடத்தைத் தாக்குகிறது. எடை குறைந்த குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் கொடுப்பதுதான் முதல் தடுப்பு. அந்த நேரத்தைச் சேனை தொட்டு வைப்பதற்கு மாமாவையோ தாத்தாவையோ எதிர்பார்த்துக் கழிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மாமா வரட்டும், வாழ்த்தட்டும். வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

இனி ஒரு பழைய வழக்கு. 1861-இல் லண்டன் மகப்பேறு சங்கத்தின் முன் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதம், பிறந்ததும் மூச்சு வராமை ஆகியவைதான் பிள்ளைகளின் கைகால் விறைப்புக்குக் காரணம் என்றார். அவர் பேராலேயே அந்த நோய் வெகுகாலம் வழங்கியது. 1897-இல் ஒருவர் மறுத்தார். கடினமான பிரசவம் காரணமாக இல்லாமல், கருவிலேயே தொடங்கிவிட்ட கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்றார். அந்த நரம்பியல் மருத்துவரின் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்டு. கனவுகளுக்குப் போவதற்கு முன் அவர் செய்த வேலை இது. அவர் சொன்னதை எண்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை பார்த்த பெரிய ஆய்வின் தரவுகளை 1980-களில் கரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்க்கும் அலசினார்கள். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறலே இல்லை என்று தெரிந்தது.

இதை நான் வரலாற்று ருசிக்காகச் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு குறை என்றால் நம் வீடுகளில் உடனே குற்றவாளி தேடப்படுகிறார். ஒன்று, பிரசவம் பார்த்த மருத்துவர். இல்லையென்றால் தாய். கிரகணத்தில் வெளியே போனாள், மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள். மருத்துவர் பக்கம் தவறே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். பிரசவ அறையில் கவனக்குறைவு இருந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் தாயைக் கூண்டில் ஏற்றும் வழக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பழியோடு ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் பயிற்சிக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் ஒரு சிகிச்சை நல்லதா கெட்டதா என்பதை டிஸ்சார்ஜ் நாளில் தீர்மானிக்க முடியாது. இந்தத் துறை அதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். நிறம் சிவந்தது, மூச்சு சீரானது, எல்லோருக்கும் திருப்தி. சில மாதம் கழித்து அந்தக் குழந்தைகளுக்குக் கண் தெரியவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்த பிறகே, 1954-இல் அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று கட்டற்ற ஆக்சிஜன்தான் காரணம் என்று நிறுவியது. உடனே எதிர்த்திசையில் பாய்ந்து ஆக்சிஜனைக் கண்டபடி குறைத்தார்கள். அதனால் இறந்தவர்கள் உண்டு என்பது இன்னும் தாமதமாகத் தெரியவந்தது.

1990-களில் டெக்சாமெத்தசோன். வெண்டிலேட்டரை விட்டு வர மறுக்கும் குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் ஓரிரு நாளில் மூச்சு இலகுவாகும். கண்ணெதிரே பலன் தரும் மருந்தை யார் சந்தேகிப்பார்கள்? தைவானிலும் இஸ்ரேலிலும் அந்தக் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர்கள், முதல் வாரத்திலேயே மருந்து பெற்றவர்களிடம் மூளை முடக்குவாதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். 2002-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது.

நல்ல உதாரணங்களும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் ஆட்டுக்குட்டிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டியின் நுரையீரல் எதிர்பாராமல் விரிந்திருப்பதைப் பார்த்தார். 1972-இல் அவரும் ராஸ் ஹோவியும், குறைமாதப் பிரசவம் நேரவிருக்கும் தாய்க்கு ஊசி போடும் முறையை வெளியிட்டார்கள். நுரையீரலுக்காகப் போட்ட ஊசி மூளை ரத்தக்கசிவையும் குறைப்பது பிறகு தெரிந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் குழந்தைகள் முப்பது வயதான பிறகும் தேடிப்பிடித்து, அவர்களின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதித்தார்கள் என்பதுதான். அவற்றில் கெடுதல் எதுவும் இல்லை என்பதை 2005-இல் அறிவித்தார்கள். கஃபீனும் அப்படி. காலையில் நாம் டிகாக்‌ஷனில் குடிக்கும் அதே பொருள்தான். குறைமாதக் குழந்தை மூச்சு விட மறப்பதைத் தடுக்கக் கொடுப்பார்கள். 2007-இல் வெளியான தொடர் ஆய்வில், பதினெட்டு மாதத்தை ஒட்டிப் பார்த்தபோது மூளை முடக்குவாதம் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்திருந்தது. காபிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை.

மூன்றாவது உதாரணம் நம் மண்ணுக்கு உரியது. பிறந்ததும் அழாத நிறைமாதக் குழந்தையின் மூளைச் செல்கள் முதலில் சற்றுத் தேறுகின்றன. சில மணி நேரம் கழித்துத்தான் பெருமளவில் மடிகின்றன. அந்த இடைவெளியில், ஆறு மணி நேரத்துக்குள், உடலை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருந்தால் சேதம் குறையும் என்று 2005-லிருந்து மேலை நாட்டு ஆய்வுகள் காட்டின. இறப்போ கடும் குறைபாடோ நேர்வது கால் பங்கு குறைந்தது. விலை உயர்ந்த கருவி இல்லாமல் இதைச் செய்ய இந்தியாவில் பல வழிகள் கண்டுபிடித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் பங்களிப்போடு உருவான, தன்னிலை மாறும் பொருள் நிரப்பிய படுக்கை அவற்றுள் ஒன்று.

அதன் பிறகுதான் ஹீலிக்ஸ் ஆய்வு வந்தது. சென்னை, பெங்களூரு, மும்பை, இலங்கையின் களனி, டாக்கா என்று ஏழு பெரிய பிரிவுகளில் 408 குழந்தைகள். குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். பதினெட்டு மாதத்தில் இறப்பையும் குறைபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், 50-க்கு 47. 2021-இல் முடிவு வெளியானதும் எங்கள் மாநாடுகளில் பெரிய வாக்குவாதம். இன்றும் ஓயவில்லை. ஆய்வாளர்கள் ஒன்றைச் சுட்டினார்கள். இந்தக் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் ஆழத்துக் கருக்களைவிட வெள்ளைப் பகுதியில் சேதம் கூடுதலாக இருந்தது. கடைசி ஒரு மணி நேர விபத்தைவிட, முன்னதாகத் தொடங்கிய மெதுவான சேதத்தை அது காட்டலாம் என்றார்கள். அப்படியானால் ஆறு மணி நேரக் கணக்கு பிறப்பிலிருந்து எண்ணத்தக்கதே அல்ல. ரத்தசோகையோடு, தொற்றோடு, சரியாக வளராத கருவோடு வரும் தாய்மாரின் கதை இதற்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு. லண்டனில் வென்றது எழும்பூரிலும் வெல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை நமக்குக் காட்டியது பதினெட்டு மாதத் தொடர் கண்காணிப்புதான்.

ஆய்வுக்குப் பொருந்துவது ஒரு தனிக் குழந்தைக்கும் பொருந்தும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிய குழந்தை தடுமாறலாம். படத்தில் பெரிய குழி இருந்த குழந்தை ஓடி வந்து மேசைமேல் ஏறலாம். ஆகவே போகப் போகப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது?

முதலில் வயதைச் சரியாக எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் வயதில் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுத்தான், இரண்டு வயது வரை, வளர்ச்சியை மதிப்பிட வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நல்ல கவனிப்பாளர்கள். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடை போட்டு வரும் வருகை என்று ஒரு வளர்ச்சி அட்டவணையையே போட்டுவைத்திருக்கிறார்கள். அம்புலியைக் காட்டி அழைக்கும் பருவம், இன்னொருவர் பார்வையைத் தொடர்ந்து பார்க்கும் திறன் வந்துவிட்டதைச் சொல்கிறது. இன்று ஆட்டிசத்தைச் சந்தேகிக்கும்போது நாங்கள் தேடுவது அதைத்தான். ஆனால் அந்தக் கணக்கு நிறைமாதப் பிள்ளைக்கு. எட்டாவது மாதம் தொடங்கும்போதே பிறந்த பிள்ளைக்குச் செங்கீரை ஏழாம் மாதம் வந்தால் அது தாமதமே அல்ல. இதைச் சொல்லாமல் விட்டதால் எத்தனையோ தாய்மார்கள் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். இதையே சாக்காக வைத்து, “குறைமாசம்தானே, மெதுவா வரும்” என்று இரண்டு வயது வரை காத்திருந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை.

காத்திருக்கத் தேவையில்லை. ஆஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல், குழந்தையைத் தொடாமலே, மல்லாக்கப் படுத்திருக்கும்போது அது தானாகச் செய்யும் அசைவுகளைப் படம்பிடித்துப் பார்த்தார். நிறைமாதக் கணக்கில் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு, கணுக்கால் என எல்லாத் திசையிலும் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று ஓர் அசைவு தொடர்ந்து இருக்கும். அது அறவே இல்லையென்றால் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 1997-இல் காட்டினார். இன்று அம்மாவின் கைபேசியில் எடுத்த சில நிமிட வீடியோ போதும், பார்க்கத் தெரிந்த கண் இருந்தால். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் லில்லி டுபோவிட்ஸ், விக்டர் டுபோவிட்ஸ் தம்பதியர் தொடங்கிவைத்த வழியில் உருவான இன்னொரு சோதனைக்கு 26 கூறுகள், 78 மதிப்பெண். ஒரு சிவப்புக் கம்பளிப் பந்தும் பத்து நிமிடமும் இருந்தால் செய்துவிடலாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 கூறு அட்டையை அங்கன்வாடிப் பணியாளரே பயன்படுத்தலாம். இவற்றையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே மூளை முடக்குவாதத்தை ஓரளவு துணிந்து சொல்லலாம் என்று 2017-இல் அயோனா நோவாக் தலைமையிலான பன்னாட்டுக் குழு எழுதியது. நம் ஊரில் இன்னும் ஒன்றரை வயதில், “நடக்கலையே” என்று தூக்கி வருகிறார்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி எப்போதும் முஷ்டி பிடித்திருப்பது, மூன்று மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, குளிப்பாட்டும்போது தொடைகள் விரியாமல் இறுகுவது. இவற்றை முதலில் காண்பவர் குளிப்பாட்டும் பாட்டிதான். பாட்டிகளை எங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாமல் எந்தத் திட்டமும் நடக்காது. மூக்கில் எண்ணெய் விடுவதையும் ஊதுவதையும் மட்டும் அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

கண்டுபிடித்து என்ன பயன், சரியாக்க முடியுமா என்று கேட்கலாம். செத்த செல்லை எழுப்ப முடியாது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை, பயன்படுத்தும் பாதைகளை வலுவாக்கி, பயன்படுத்தாதவற்றைக் களைந்துகொண்டே இருக்கிறது. அசையாத கைக்கு வேலை கொடுக்காவிட்டால் அதற்கான பாதையே போய்விடும். கையையும் காலையும் பிடித்து நீட்டி மடக்கும் பயிற்சியைவிட, குழந்தை தானே எட்டிப் பிடிக்கும்படி, தானே திரும்பும்படி சூழலை அமைப்பதுதான் பலன் தருகிறது. அதை வாரம் ஒருமுறை மருத்துவமனையில் அரைமணி நேரம் செய்து பயனில்லை. வீட்டில் அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்கச் செய்ய வேண்டியது அது.

இதற்கு அரசிடம் அமைப்பு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. மருத்துவமனைப் பேச்சில் டி.இ.ஐ.சி. பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், காது பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். வராமல் போவதுதான் பிரச்சினை. மலையடிவாரக் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாறி வந்துபோனால் அப்பாவின் ஒருநாள் கூலி போச்சு. மூன்றாவது முறைக்குப் பிறகு நின்றுவிடுகிறார்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எளிது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இதைத் தலைகீழாக மாற்றியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைபேசிச் செயலியோடு வீட்டுக்கே அனுப்பினார்கள். செயலியின் வழியே நிபுணர் வழிகாட்டுகிறார். அரசு இதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செலவில்லாத இன்னொன்று, கங்காரு அணைப்பு. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பெட்டிகள் போதாத நெருக்கடியில், எட்கர் ரே குழந்தையைத் தாயின் மார்போடு கட்டி வைத்தார். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே அணைப்பில் வைத்த எடை குறைந்த குழந்தைகளிடம் முதல் மாத இறப்பு 25 சதவீதம் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்குக் கட்டில் போட இடமில்லை என்று சொல்லும் நிர்வாகங்கள் அந்த எண்ணைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

கடைசியாக, எங்கள் தொழிலின் தன்னம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிவைக்க ஒரு செய்தி. இந்திய வம்சாவளி மருத்துவரான சரோஜ் சைகல், கனடாவின் ஹாமில்டனில் 1977 முதல் 1982 வரை ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அவர்கள் பதின்வயதுக்கு வந்ததும், உன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டார். குறைபாடுகள் இருந்தும் பெரும்பாலோர் தங்கள் வாழ்வை நல்லதாகவே மதிப்பிட்டார்கள். 1999-இல் வெளியான அடுத்த ஆய்வில் பலவகைக் குறைபாட்டு நிலைகளை விவரித்து மதிப்பெண் போடச் சொன்னார். கடுமையான நிலைகளுக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் போட்ட மதிப்பெண், பெற்றோரும் அந்தப் பிள்ளைகளும் போட்டதைவிடக் குறைவு. “இந்தக் குழந்தை பிழைத்து என்ன செய்யப் போகிறது” என்று நினைப்பது யார் என்று பாருங்கள். மூளை முடக்குவாதம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உரிமை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டோடு இந்தத் தகவலையும் கொடுத்தால் யாருக்கும் கை வலிக்காது.

இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் என் வேண்டுகோள். உங்கள் தெருவில் 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தை இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆயிற்றா, மூன்று மாதத்துக்குள் காது பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். ஆகவில்லையென்றால் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். மாணவர்களே, செவிலியர்களே, நாளை நீங்கள் எழுதப்போகும் டிஸ்சார்ஜ் சீட்டில் “தேவைப்பட்டால் வரவும்” என்று எழுதாதீர்கள். திருத்திய வயதைக் கணக்கிட்டு, மூன்றாம் மாதம் வர வேண்டிய தேதியையும், போக வேண்டிய அறை எண்ணையும், அழைக்க வேண்டிய கைபேசி எண்ணையும் தமிழில், படிக்கும்படியான கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் அவர்கள் வரவில்லையென்றால் நீங்கள் அழையுங்கள்.